இரண்டாவது வரி

ஆம்பூர், 9 ஜூலை 1934, திங்கள்

வேலையில் இருந்த காலத்தில் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னைக் கேட்டாள்: "டீச்சர், கதையில வர்ற பசங்க யாருமே பள்ளிக்கூடம் போறதில்லையே, ஏன்?"

அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அவள் கேட்டது நியாயம். கதைப் பிள்ளைகள் குகைக்குள் போகிறார்கள், கப்பல் ஏறுகிறார்கள், புலியின் மீசையைப் பிடித்து இழுக்கிறார்கள். பலகையில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வதில்லை. பின் வரிசைக்காரி முன் வரிசைக்காரியின் பின்னலை மைக்கூட்டில் தோய்ப்பதில்லை. பட்டப்பெயர் வைத்து ஒருத்தியை எல்லோருமாகச் சேர்ந்து அழவைப்பதில்லை. புலியைவிட அதற்குத்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். முப்பத்தொரு வருஷம் பார்த்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

பதிலை இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐம்பத்தேழு வயதில் சாகசக் கதை! வேலூரில் காசிநாதன் நடத்தும் 'கிளிக்கூட்டம்' என்ற சிறுவர் பத்திரிகையில், மாதம் இரண்டு தடவை, ஐந்து பகுதி. புனைபெயர் 'பாலாற்றான்'. அது இந்த அன்னம்மாள்தான் என்று காசிநாதனுக்கும் அவருடைய அச்சகத்துக்கும் மட்டும் தெரியும். ஒன்றாம் தேதி முதல் பகுதி வந்தது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே சனிக்கிழமைதோறும் அதை உரக்கப் படிக்கிறார்களாம். எனக்குக் கால் தரையில் இல்லை.

கதை இதுதான். தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளியின் மகள் தனகோடி. மலையிலிருந்து தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றி வரும் வண்டிகளில், பட்டைக்கு அடியில், அமிர்திக் காட்டுச் சந்தனக்கட்டையை ஒளித்துக் கடத்துகிறது ஒரு கூட்டம். ஷாப்பின் தோல் வாடையில் சந்தனம் யார் மூக்குக்குத் தெரியும்? தனகோடியின் மூக்குக்குத் தெரியும்! அவளைத்தான் வகுப்பு 'நாற்றம்' என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. கடைசியில் திருடரைப் பிடித்துக் கொடுக்கிறாள். கேலி செய்தவர்களே மாலை போடுகிறார்கள்.

அச்சில் இருக்கும் இரண்டாம் பகுதியில் ஒரு பாட்டு வைத்திருக்கிறேன். தோல் வியாபாரியின் மகள் முதல் வரியைப் பாடுவாள். வகுப்பே சேர்ந்து இரண்டாவது வரியைத் திருப்பிச் சொல்லும்.

கடுக்காய்க் கையி —
கிட்ட வராதே நீயி!

ஷாப்பில் தோலுக்குக் கடுக்காய் இடிக்கும் வீடுகளில் பிள்ளைகளின் கைகூட மஞ்சளும் கறுப்புமாகக் கறை ஏறிக் கிடக்கும். அதைக் குத்துகிற பாட்டு. கெட்டவள் பாட்டு கெட்டியாக இருந்தால்தானே தனகோடியின் வலி படிப்பவருக்கு உறைக்கும்? எழுதிவிட்டு மேஜையில் தாளம் போட்டு நானே நாலு தடவை பாடினேன்.

16 ஜூலை, திங்கள்

இதழ் வந்தது. பாட்டைத் தனியாகக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார் காசிநாதன். கட்டம்!

23 ஜூலை, திங்கள்

கீரை வாங்கப் போனேன். கயிறு தாண்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் பாடுகிறார்கள் — என் பாட்டை! ஒருத்தி முதல் வரி, மற்றவர்கள் இரண்டாவது வரி, கயிறு சரியாகத் தாளத்துக்கு விழுகிறது. கீரைக்காரியிடம் 'இது என்னுடையது' என்று சொல்ல வாய் திறந்து, நல்லவேளையாக அடக்கிக்கொண்டேன். மீதிச் சில்லறையை வாங்காமலே வந்துவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

சனிக்கிழமை படித்தார்கள், திங்கட்கிழமை தெருவில் இருக்கிறது. எந்தப் பாடப் புத்தகம் இப்படிப் போயிருக்கிறது?

26 ஜூலை, வியாழன்

காசிநாதனிடமிருந்து கார்டு. நாட்றம்பள்ளியிலிருந்துகூடப் பிள்ளைகள் கடிதம் எழுதுகிறார்களாம். அடுத்த இதழின் அட்டையிலேயே பாட்டைப் போடப்போகிறாராம். நான்காம் பகுதியை முடித்து இன்றே தபாலில் சேர்த்துவிட்டேன். வெல்லம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

30 ஜூலை, திங்கள்

எப்படி எழுதுவது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் ஷாப்பில் கடுக்காய் இடிக்கும் ரங்கம்மாள் வந்தாள். மனு, கடிதம் எதுவானாலும் அந்தத் தெருக்காரர்கள் என்னிடம் வருவது வழக்கம். காகிதம் எடுத்து வைத்தேன்.

"எவனோ பாலாற்றானாம் டீச்சரம்மா. பத்திரிகையில எழுதுறானாம். அவனுக்கு ஒரு கடுதாசி."

பேனாவில் மை இருந்தது. இல்லாமல் இருந்திருக்கலாம்.

"என்ன எழுதணும்?" என்றேன்.

"ஒனக்குப் புள்ளகுட்டி இருக்குதான்னு மொதல்ல கேளுங்க."

எழுதினேன். எனக்கு இல்லை.

பிறகு அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனேன். மகள் அமிர்தவள்ளி ஐந்தாம் வகுப்பு. ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. வாசலில் கால் வைத்தாலே வகுப்பு முழுதும் பாடுகிறது. பெண் செங்கல் பொடியும் புளியும் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்துவிட்டது. தகப்பன் துரைசாமி, ஆவணி முதல் தேதி அவளையும் ஷாப்பில் சேர்த்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டான்.

"அங்க எல்லார் கையும் அதே கைதான், யாரும் பாட மாட்டாங்கன்றாரு. அவரு சொல்றதும் நாயம்தானே. ஆனா நான் இடிச்ச கடுக்காய் போதும் டீச்சரம்மா. அது அஞ்சு முடிக்கணும். வேலூருக்குப் போயிப் படிக்கணும்."

ரேகை வைத்தாள். விலாசம் நானே எழுதிச் சேர்த்துவிடுகிறேன் என்றேன். பொய்யில்லை. தபால் பெட்டிக்குப் போகாமலே சேர்ந்துவிட்டது.

கீரைக்கடைப் பக்கம் கயிறு தாண்டினார்களே — அப்போது ஓரமாக யார் நின்றார்கள் என்று நான் பார்த்தேனா? கயிற்றைத்தான் பார்த்தேன். இன்னா ஜென்மம்டி நீ அன்னம்மா.

31 ஜூலை, செவ்வாய்

காலையிலேயே போனேன். ரங்கம்மாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "அந்தப் பாலாற்றான் நான்தான்" என்றேன்.

"நீங்களா? ஆம்பளன்னுல்ல நெனச்சேன்" என்றாள். பிறகு தன் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எங்க கையப் பாத்துதான் பாட்டு வந்துச்சா ஒங்களுக்கு?"

அது கெட்ட பெண் பாடும் பாட்டு, கடைசியில் எல்லோரும் திருந்துவார்கள் என்று விளக்கத் தொடங்கினேன். வகுப்பில் எடுத்துக்காட்டுச் சொல்லும் அதே குரலில். அவள் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டாள். "ஷாப்புச் சங்கு ஊதப்போவுது. நீங்க பெத்த பாட்டு, நீங்களே அடக்குங்க" என்று போய்விட்டாள்.

சரியாகத்தான் சொன்னாள். தெருவைச் சொல்லி ஏசினால் டீச்சர் அடிப்பாள், பிள்ளைகளுக்குத் தெரியும். கை என்று பாடினால் தெருவையும் சொன்னதாயிற்று, அடியும் விழாது. அந்த வசதியை நான் செய்து கொடுத்திருக்கிறேன். கட்டம் கட்டி.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அப்புறம் தனகோடிக்கு இன்னா ஆச்சு டீச்சர்?"

அமிர்தவள்ளி. கையைப் பாவாடையில் சுற்றி வைத்திருந்தாள். இத்தனைக்குப் பிறகும் கதை வேண்டியிருக்கிறது அவளுக்கு! சந்தனக்கட்டை, வண்டி, திருடர், மாலை — கடைசிவரை சொன்னேன். வண்டி வரும் இடத்தில் கண்ணை இமைக்கவில்லை. மாலை வந்ததும் கேட்டாள்:

"அவ திருடனைப் பிடிக்கலைன்னா?"

"பிடிச்சிடுவாளே."

"பிடிக்கலைன்னா பாடிக்கினே இருப்பாங்களா?"

சாகசக் கதைகள் எல்லாமே இதைத்தானே சொல்லி வந்திருக்கின்றன? நொண்டிப் பையன் வெள்ளத்திலிருந்து ஊரைக் காப்பாற்றினால் 'நொண்டி' என்று கூப்பிடுவதை ஊர் நிறுத்தும். ஏழைப் பெண் புதையல் எடுத்தால் பக்கத்தில் இடம் கிடைக்கும். காப்பாற்றாத நொண்டிப் பையன்? மூக்கு கூர்மையில்லாத தனகோடி? சும்மா சிலேட்டோடு வந்து உட்கார மட்டும் ஆசைப்படுகிற பெண் என்ன செய்வாள்?

அவளையே கேட்டேன், எது அதிகம் வலித்தது என்று. யோசித்துவிட்டுச் சொன்னாள். "மொத வரி ஒருத்திதான் பாடும். அது எப்பவுமே வம்புக்காரி. ரெண்டாவது வரிதான் டீச்சர். பக்கத்துல உட்கார்ற சம்பூர்ணமும் சொல்லிச்சு."

1 ஆகஸ்ட், புதன்

மூன்றாம் பகுதி வந்துவிட்டது. அட்டையில் பாட்டு. உள்ளே இன்னும் இரண்டு இடத்தில் பாட்டு. எல்லாம் நான் எழுதியதுதான்.

2 ஆகஸ்ட், வியாழன்

கிடைத்துவிட்டது! குளித்துக்கொண்டிருக்கும்போது கிடைத்தது, ஈரத்தலையோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அச்சில் வந்ததைத்தான் பிள்ளைகள் ஆடிப் பார்க்கிறார்கள். பாடச் சொல்லி நான் கேட்டேனா? எழுதினேன், பாடினார்கள். அப்படியானால் பாடாமல் இருப்பதையும் எழுதலாமே! பாட்டை எடுக்க முடியாது, அது தெருவுக்குப் போய்விட்டது. ஆனால் இரண்டு வரிப் பாட்டில் இரண்டாவது வரி வராவிட்டால் முதல் வரி என்ன ஆகும்? கூரையில்லாச் சுவர் மாதிரி நிற்கும்.

நான்காம் பகுதியின் தொடக்கத்தை மாற்றுகிறேன். தனகோடி இன்னும் திருடனைப் பிடிக்கவில்லை, ஒரு நல்ல காரியமும் செய்யவில்லை. சிலேட்டோடு வருகிறாள், அவ்வளவுதான். தோல் வியாபாரி மகள் முதல் வரியைப் பாடுகிறாள். தனகோடியின் பக்கத்துப் பெண் வாய் திறக்கப்போகிறாள் — ஏனோ தன் கையால் தன் வாயையே பொத்திக்கொள்கிறாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு ஒரு வரிசை. முதல் வரி தனியாகத் தொங்குகிறது. மறுபடி, இன்னும் உரக்கப் பாடுகிறாள். வெளியே வேப்பமரத்திலிருந்து ஒரு காக்கை பதில் சொல்கிறது. யாருக்கும் தண்டனை இல்லை, பிரசங்கம் இல்லை.

ஐந்தாம் பகுதியில் தனகோடி திருடரைக் கண்டு பயந்து ஓடிவந்துவிடுவாள். வண்டி அச்சு முறிந்து அவர்கள் தாமாக மாட்டிக்கொள்ளட்டும்.

6 ஆகஸ்ட், திங்கள்

காலை ரயிலில் காட்பாடி, அங்கிருந்து ஜட்காவில் வேலூர். அச்சகத்துக்குள் நுழைந்தேன். நான்காம் பகுதிக்கு எழுத்துக் கோத்து முடித்துவிட்டார்கள்.

காசிநாதன் புதுத் தாள்களைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கதாநாயகி பயந்து ஓடிட்டா அப்புறம் இன்னா சாகசம் டீச்சர்? இந்தப் பாட்டுக்காகத்தான் பசங்க கடைக்கு ஓடி வர்றாங்க. அதைப் போய்…"

பாட்டை எடுக்கவில்லை, இரண்டாவது வரியை மட்டும் எடுக்கிறேன் என்றேன். ரங்கம்மாளின் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். படித்தார். என் கையெழுத்தை அடையாளம் கண்டு நிமிர்ந்தார். சொன்னேன், எல்லாவற்றையும். அவர் கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். கோத்ததைக் கலைத்தால் தேதிக்கு இதழ் வராதே என்றுமட்டும் முனகினார்.

எழுத்துக் கோக்கும் நயீம் அகமது கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாள்களை வாங்கிக்கொண்டார். "வந்துடும் சார். ரெண்டு பக்கம்தானே. எங்க வீட்லயும் இந்தப் பாட்டு ஜாஸ்தியாப் போச்சு டீச்சரம்மா. பொண்ணை அதட்டினேன், நிறுத்திடுச்சு. மறுநாள் தெருக்கோடியில நின்னு பாடுது. அதட்டினா எடம் மாறுது, அவ்ளோதான்."

திரும்பும் ரயிலில் பசியே தெரியவில்லை. கலைத்த எழுத்துகள் பெட்டியில் விழும் சத்தம் காதிலேயே இருக்கிறது. மழை மாதிரி.

15 ஆகஸ்ட், புதன்

இதழ் வந்தது! சனிக்கிழமை வரை பொறுக்க முடியாது, ஆவணி பிறந்துவிடும். பள்ளிக்கூடத்தில் கெஞ்சிக் கேட்டு இன்றைக்கே படிக்க வைத்தேன். கடைசிப் பலகையில் உட்கார்ந்துகொண்டேன். வாய் பொத்தும் இடத்தில் கொஞ்சம் சிரிப்பு. காக்கைக்கு நிறையச் சிரிப்பு. அவ்வளவுதான்.

விளையாட்டு நேரத்தில் ஒருத்தி முதல் வரியை எடுத்தாள். பாதிப் பேர் பதில் பாடினார்கள். மீதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு, பாடியவர்களைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தார்கள். இது வெற்றியா? தெரியவில்லை. அமிர்தவள்ளியின் இடம் காலி.

16 ஆகஸ்ட், வியாழன்

நான் எழுதாத ஒன்று நடந்திருக்கிறது! அதை ஆட்டமாக ஆக்கிவிட்டார்கள். பெயர்கூட வைத்தாயிற்று: 'வாய்ப்பூட்டு'. ஒருத்தி ஏதாவது பாட்டின் முதல் வரியைச் சொல்வாள், இரண்டாவது வரியை வாய்தவறிச் சொன்னவள் அவுட். மணியடிக்கும் வரை ஆடினார்கள். மதில் பக்கத்தில் நின்றே என் கால் மரத்துவிட்டது.

17 ஆகஸ்ட், வெள்ளி

ஆவணி ஒன்று. சங்கு ஊதும்போது வாசலில் நின்றேன். ரங்கம்மாள் போனாள். பின்னால் அமிர்தவள்ளி, தூக்கோடு.

18 ஆகஸ்ட், சனி

தாமதம். ஒரே ஒரு நாள் தாமதம். ஆட்டம் பிறந்த சேதி அந்த வீட்டுக்குப் போவதற்குள் ஆவணி பிறந்துவிட்டது.

20 ஆகஸ்ட், திங்கள்

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். துரைசாமி மரியாதையாகத்தான் பேசினார். பாட்டு நின்றுவிட்டது என்று நான் சொன்னால் போதாது, தன் பெண் சொல்ல வேண்டும் என்றார்.

அமிர்தவள்ளி சொன்னாள்: "நிக்கலையாமே. இன்னும் பாடுறாங்களாமே."

உண்மைதான். ஆட்டத்தில் அந்த முதல் வரியும் வருகிறது. அது ஆட்டம்தான் என்று விளக்கப்போனேன். போன தடவையும் விளக்கத்தான் போனேன் என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

வாசலில் நிழல். பக்கத்துப் பலகைச் சம்பூர்ணம். பின்னலின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தெருவுக்கு அவள் வந்ததே இல்லையாம். வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள்.

"ஏ அமிர்தம். வாய்ப்பூட்டு ஆடுறோம். நீ வா."

அமிர்தவள்ளி அசையவில்லை. "அன்னிக்கு நீ ஏன் சொன்ன?"

"எல்லாரும் சொன்னாங்க."

"அதான் கேக்கறேன். நீ ஏன் சொன்ன?"

சம்பூர்ணம் பின்னலை வாயிலிருந்து எடுத்தாள். "தெரில" என்றாள். பிறகு, "இப்ப சொல்ல மாட்டேன். வாய்ல துணி வெச்சிக்கினாவது சொல்ல மாட்டேன்."

கதையில் இந்த இடத்தில் இருவரும் கட்டிப்பிடித்து அழுவார்கள். இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. துணி வைத்தால் மூச்சு முட்டுமே என்றாள் அமிர்தவள்ளி. மூக்கால் விடுவேன் என்றாள் சம்பூர்ணம். அடுப்படியில் ரங்கம்மாள் முதுகைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா, பார்க்கவில்லை.

துரைசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒரு வாரம் போய்ப் பாரு. பேஜார்னா சொல்லு" என்றார்.

21 ஆகஸ்ட், செவ்வாய்

போயிருக்கிறாள்.

22 ஆகஸ்ட், புதன்

இன்றும்.

28 ஆகஸ்ட், செவ்வாய்

ஒரு வாரம் நேற்றோடு முடிந்தது. துரைசாமி ஒன்றும் சொல்லவில்லையாம். ரங்கம்மாள் சொல்லி அனுப்பினாள்: "சொல்லலைன்னா சரின்னு அர்த்தம்."

8 செப்டம்பர், சனி

கடைசிப் பகுதியை இன்று பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். தனகோடி பயந்து ஓடியதும், 'நல்ல வேளை ஓடிட்டா' என்றது ஒரு குரல். மாலை இல்லாததைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் வண்டி அச்சு எப்படி முறிந்தது என்பதுதான் கவலை. காசிநாதனுக்கு எழுத வேண்டும்.

பாலாற்றான் யார் என்பதை ரங்கம்மாள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. வெளியே வரும்போது பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். நடுவில் அமிர்தவள்ளி. கையை மறைக்கவில்லை, இரண்டையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, என்னை நேராகப் பார்த்து, புதுசாகக் கட்டிய ஒரு முதல் வரியைப் பாடினாள்:

"பாலாத்து டீச்சரு —"

நாற்பது கைகள் நாற்பது வாய்களைப் பொத்தின. எண்பது கண்கள் என்மேல். அரை நொடி, அரை நொடிதான், என் கை தானாக முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. பாட்டு நம் பெயரில் வரும்போது இப்படித்தான் இருக்குமா? பிறகு நாக்கு நமநமத்தது. எதுகை வந்து பல்லுக்குப் பின்னால் நிற்கிறது. முடியவில்லை. சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன், கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

"டீச்சர் அவுட்டு" என்றாள் அமிர்தவள்ளி.

வீட்டுக்கு வந்தால் காசிநாதனின் கார்டு. பிள்ளைகளுக்குக் கதை எழுத விரும்புகிறவர்களுக்கு நாலு வரி யோசனை வேண்டுமாம், அடுத்த இதழில் போட. நாலு வரி என்னிடம் இல்லை. இதை மட்டும் எழுதி அனுப்பப்போகிறேன்:

கதைக்காக ஒரு கேலி வரி எழுதினால், அது யாரைக் குத்துமோ அந்த வீட்டுப் பிள்ளையின் எதிரில் போய் நின்று, முகத்தைப் பார்த்து, அதை வாய்விட்டுச் சொல்ல வருகிறதா என்று பாருங்கள்.